ஆறு முகமும் ஒரே தாளில்

லூடோ விளையாட்டில் உருட்டுகின்ற சிறிய வெள்ளைக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முகங்கள் ஆறு. அதனை மேசைமேல் வைத்து, இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் எத்தனை முகங்களைக் காண முடிகிறது என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நேரே வைத்தால் ஒன்று தெரியும். சற்றுத் திருப்பினால் இரண்டு. மூலை நம்மை நோக்கி வருமாறு வைத்தால் மூன்று. எப்படித் திருப்பினும் நான்காவது முகம் கண்ணுக்கு அகப்படாது. ஆயினும் நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் அங்கே இருக்கின்றன என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். எதிரெதிர் முகங்களின் புள்ளிகளைக் கூட்டினால் ஏழு வரும் என்ற இரகசியம் தெரிந்த பிள்ளையோ, மேலே இரண்டு இருந்தால் கீழே ஐந்து ஒளிந்திருக்கிறது என்று காணாமலே சொல்லிவிடும்.

இப்போது அந்தக் கட்டையை ஒரு தாளில் வரைய வேண்டும். கண்டதை வரைவதா, அறிந்ததை வரைவதா? கண்டதை வரைவதாயின் மூன்று முகங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அறிந்ததை வரைவதாயின் ஆறு முகங்களையும் எப்படியாவது ஒரே தாளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து இளம் ஓவியர் இருவரை ஆட்டிவைத்த வினா ஏறத்தாழ இதுவேயாகும். அவர்கள் தொடக்கிவைத்த ஓவிய நெறிக்குக் கியூபிசம் என்று பெயர். பெரியவர்கள் பலர் இப்பெயரைக் கேட்டதும், “அதெல்லாம் எமக்கு விளங்காத கோணல் படங்கள்” என்று ஒதுங்கிவிடுகின்றனர். பிள்ளைகளுக்கு இதனை விளங்கப்படுத்துவது அத்துணைக் கடினமன்று என்பது எம் அபிப்பிராயம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது மேலும் இலகுவாதல் வேண்டும். எம்மில் பலர் வீட்டுச் சுவரில் ஆறுமுகப் பெருமானின் படம் ஒன்று தொங்குகின்றது. கருங்கல்லில் விக்கிரகம் செய்யும் சிற்பி ஆறு திருமுகங்களையும் சுற்றிவர அமைக்கலாம். பின்னால் உள்ளதைக் காண விரும்புவோன் வலம்வந்து காண்பான். தாளில் வலம்வர இடம் எங்கே? ஆகையால் கலண்டரில் படம் எழுதிய ஓவியர், பின்னால் இருக்கவேண்டிய முகங்களையும் முன்னுக்குக் கொண்டுவந்து, ஆறும் நம்மையே பார்க்கும்படி வரிசையாக வைத்துவிட்டார். அவரை யாராவது, “ஐயா, பிடரிப்பக்கத்து முகம் முன்னால் எப்படித் தெரியும்?” என்று வழக்குரைத்ததுண்டோ? இல்லை. ஆறுமுகன் என்றால் ஆறு முகமும் வேண்டும் என்பது எமக்குத் தெரியும். ஓவியர் எமக்காக வலம்வந்து, அவ்வலத்தையே மடித்து ஒரு தாளுக்குள் வைத்துத் தந்துள்ளார்.

பாரிஸ் ஓவியர்கள் இதனை எம்மிடமிருந்து கற்றனர் என்று நாம் கூறவரவில்லை. அப்படிக் கூறி மகிழ்வோர் வேறு பலர் உளர். அவர்கள் செய்த வேலைக்கு வலம்வருதல் என்னும் சொல் மிகப் பொருத்தமாக அமைகின்றது என்பதே எமது கருத்து.

பெயர் வந்த கதை

அவ்விருவரில் ஒருவர் ஸ்பானிய தேசத்தவரான பாப்லோ பிக்காசோ (1881–1973). மற்றவர் பிரான்சியரான ஜோர்ஜ் பிராக் (1882–1963). இவர்களுக்கு முன்னோடியாக விளங்கியவர் 1906ஆம் ஆண்டில் காலமான செசான் என்னும் ஓவியர். இயற்கைப் பொருள்களை உருளையாகவும் கோளமாகவும் கூம்பாகவும் நோக்கிப் பழகுமாறு அவர் இளைஞர் ஒருவருக்குக் கடிதத்தில் அறிவுரை கூறியிருந்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவதற்கு வெள்ளவத்தைக் கடற்கரையே போதும். தென்னையின் அடிமரம் உருளை. பிள்ளைகள் எறிந்து விளையாடும் பந்து கோளம். கையிலிருக்கும் கச்சான் சரை கூம்பு. இப்படி நோக்கப் பழகிய பிள்ளைக்குக் கடற்கரை முழுவதுமே ஒரு கேத்திரகணிதப் பெட்டியாக மாறிவிடும்.

1908ஆம் ஆண்டில் பிராக் தென் பிரான்சிலுள்ள லெஸ்தாக் என்னும் ஊரின் வீடுகளை வரைந்தார். கதவில்லை, யன்னலில்லை, பெட்டிமேல் பெட்டி அடுக்கினாற்போல மலைச்சரிவில் வீடுகள் நின்றன. அவற்றைக் கண்ட வோசேல் என்னும் விமரிசகர், பிராக் யாவற்றையும் கியூபுகளாக ஆக்கிவிடுகிறார் என்று எழுதினார். கியூப் என்பது பாடப்புத்தகத்தில் நாம் சதுரமுகி என்று படிக்கும் அதே கட்டைதான். பாராட்டாகச் சொல்லப்படாத அச்சொல்லே பின்னர் பட்டப்பெயராக நிலைத்துவிட்டது. வகுப்பில் வைக்கும் பட்டப்பெயர்கள் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை மாணாக்கர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பிக்காசோவும் பிராக்கும் சில ஆண்டுகள் இணைந்தே உழைத்தனர். மலையேறுவோர் இருவர் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்ளுவது போன்றது அக்கால வாழ்வு என்று பிராக் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. 1911ஆம் ஆண்டளவில் அவர்கள் தீட்டிய படங்களை அருகருகே வைத்தால் எது யாருடையது என்று தேர்ந்தவர்களும் திகைப்பர். 1914இல் உலகப் போர் மூண்டது; பிராக் போர்க்களம் சென்றார்; கயிறும் அறுந்தது.

கண்டுபிடி விளையாட்டு

சிறுவர்க்குக் கியூபிசத்தை அறிமுகஞ்செய்ய விரும்பும் பெற்றோர்க்கு ஒரு யோசனை. 1910, 1911 ஆம் ஆண்டுப் படங்களை முதலில் காட்டாதீர்கள். அவை பெரும்பாலும் மண்ணிறமும் சாம்பல்நிறமுமாய் இருக்கும். வடிவத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நிறம் இடையூறாகலாம் என்று கருதி ஓவியர்கள் அதனை அடக்கி வைத்திருந்தனர். உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக் குவித்தாற்போன்ற அப்படங்களைக் கண்டால் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

ஆயினும் ஒன்றைமட்டும் விளையாட்டாகக் காட்டலாம். பிக்காசோ 1910இல் தீட்டிய கான்வைலர் என்னும் ஓவிய வியாபாரியின் உருவப்படம் அது. இப்போது சிக்காகோ நகரத்து ஓவியக்கூடத்தில் இருக்கிறது. புத்தகங்களில் பிரதியாகவும் கிடைக்கின்றது. “இதற்குள் ஒரு மாமா ஒளித்திருக்கிறார்; கண்டுபிடியுங்கள்” என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு விலகியிருங்கள். முதலில் கீழே கோத்துவைத்த இரு கைகள் அகப்படும். பின்பு அலையலையாய் வாரிய தலைமயிர், கழுத்துப் பட்டியின் முடிச்சு, மார்புச்சட்டையில் தொங்கும் கடிகாரச் சங்கிலி. கண்டுபிடித்த துண்டுகளை மனத்தில் பொருத்தப் பொருத்த ஆள் மெல்ல எழுந்து வருவார். பெரியவர்கள் படத்தின் முன் நின்று, “இதன் கருத்து யாது?” என்று கேட்டுக்கொண்டிருக்கையில், பிள்ளை சங்கிலியை எண்ணி முடித்திருக்கும்.

1912ஆம் ஆண்டில் இவர்கள் செய்த புதுமை பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும். அவ்வாண்டில் பிக்காசோ சிறிய படம் ஒன்றைச் செய்தார். ஒரு முழத்துக்கும் குறைந்த அகலம். அதில் கதிரையின் பிரம்புப் பின்னலை அவர் கையால் வரையவில்லை. பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுசீலைத் துண்டு ஒன்றை வெட்டி அப்படியே ஒட்டிவிட்டார். சட்டத்துக்குப் பதிலாக உண்மையான கயிற்றைச் சுற்றிவரக் கட்டினார். பிரம்பு பின்னிய கதிரையை எம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய கொழும்பு வீடுகளின் விறாந்தைகளில் பாட்டன்மார் அதில்தான் சாய்ந்திருந்தனர். அதே ஆண்டில் பிராக், மரத்தின் வரிகள் அச்சிட்ட சுவர்க்கடதாசியை வெட்டி ஒட்டினார். பின்னர் பத்திரிகைத் துண்டுகளும் படங்களுக்குள் புகுந்தன. பத்திரிகையை வரைவதற்குப் பத்திரிகையையே ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததல்லவா? இந்த வாரமலரையும் பிள்ளைகள் அவ்வாறு வெட்டலாம். வீட்டில் எல்லோரும் வாசித்து முடித்தபின்.

மூக்குப்பேணிப் பரீட்சை

இவற்றையெல்லாம் சொல்லால் விளக்குவதிலும் செய்து பார்ப்பது நன்று. வெள்ளவத்தையில் எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் மாடிவீட்டில் ஒருநாள் பின்னேரம் இதனைச் செய்து பார்த்தோம். வேண்டிய பொருள் ஒன்றுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய பித்தளை மூக்குப்பேணி. வாய் வைத்து எச்சிற்படுத்தாமல் அண்ணாந்து குடிப்பதற்காக எம்முன்னோர் ஒருபக்கம் குழல்போல மூக்கு வைத்துச் செய்த பாத்திரம் அது. கியூபிச ஓவியர் போத்தலையும் கிண்ணத்தையும் கித்தார் வாத்தியத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தனர். மூக்குப்பேணியைக் கண்டிருந்தால் அதனையும் விட்டிருக்க மாட்டார்கள். மேலேயிருந்து நோக்கினால் அது வட்டம். பக்கவாட்டில் நோக்கினால் மூக்கோடு கூடிய ஒரு முகம். மூக்கை நேரே நோக்கினால் நடுவே சிறு துவாரம். பின்னாலிருந்து நோக்கினாலோ மூக்கே கிடையாது, வெறும் பேணி.

மேசையின் நடுவே பேணியில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருபுறம், ஏழு வயதுச் சிறுமி ஒருபுறம், ஐந்து வயதுக் கடைக்குட்டி ஒருபுறம் அமர்ந்து வரையத் தொடங்கினர். மூத்தவன் சித்திரப் பாடத்தில் புள்ளி குறையாதவன். அவன் இருந்தது மூக்குக்குப் பின்புறம். கண்டதைக் கண்டபடி, நிழலும் பளபளப்பும் தோன்ற, மிக அழகாக வரைந்து முடித்தான். நடுவிலுள்ளவள் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்தாள். கடைக்குட்டியின் தாளிலோ பேணியின் வாய் முழுவட்டமாக மேலே திறந்திருந்தது. உள்ளே நீலநிறத்தில் தண்ணீர். பக்கத்தில் நீண்ட மூக்கு. அதே வேளையில் அடிப்பாகம் நேரே பார்த்தாற்போல் தட்டையாக மேசையில் நின்றது.

அம்மம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தார். மூத்தவனின் படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் நோக்கினார்.

“உது என்ன மேனை, மூக்கைக் காணேல்லை? மூக்கில்லாத பேணியை ஆர் மூக்குப்பேணி எண்டு சொல்லுவினம்?”

“நான் இருந்த இடத்திலயிருந்து மூக்குத் தெரியேல்லை, அம்மம்மா. தெரியாததை எப்பிடிக் கீறுறது?”

“தெரியாட்டி எழும்பிப் போய்ப் பாக்கிறதுதானே!”

பிறகு கடைக்குட்டியின் தாளை எடுத்தார். வாய் ஏன் இப்படி முழுவட்டமாய் இருக்கிறது என்று நாம் கேட்டோம். “உள்ளுக்குத் தண்ணி இருக்குது. மூடிக் கீறினால் தண்ணி தெரியாது” என்றாள் அவள். அம்மம்மாவின் தீர்ப்பு உடனே வந்தது: “இதுதான் எங்கட பேணி.”

மூத்தவனுக்கு மனத்தாங்கல். அவனுடைய படம் தவறன்று என்பதை நாம் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நின்று, ஒரு கணத்தில், ஒரு கண்ணுக்குத் தோன்றுவதை வரைவது ஒரு முறை. ஐரோப்பிய ஓவியர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அம்முறையிலேயே உழைத்து அதில் உச்சத்தை எட்டினர். அம்மம்மா சொன்னபடி எழும்பிச் சென்று பார்த்து, பார்த்த யாவற்றையும் ஒரே தாளில் கூட்டுவது மற்றொரு முறை. பிக்காசோவும் பிராக்கும் எழும்பிச் சென்று பார்த்தவர்கள். அச்சிறுவன் சிறிது யோசித்துவிட்டு, தாளின் மறுபுறத்தில் நான்கு பேணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரையத் தலைப்பட்டான். வரைந்த பின் அவற்றின் இடைக்கோடுகள் சிலவற்றை அழித்தான். எவற்றை அழிப்பது, எவற்றை விடுவது என்பதில் அவன் பட்ட சிரமத்தைப் பார்த்தபோது, கியூபிசத்தின் பெரும்பகுதி அந்த அழிறப்பரில்தான் இருக்கிறது என்று எமக்குத் தோன்றியது.

மூக்குப்பேணி இல்லாத வீடுகளில் தேநீர்ச் சாடி போதும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அதனினும் பெரிய பொருள் ஒன்று வாசலிலேயே இருக்கிறது. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைத் தெருவிலிருந்து ஒருமுறையும், சற்றுத் தொலைவிலுள்ள மாடியிலிருந்து ஒருமுறையும், ஆலயத்தின் உள்ளே நின்று அண்ணாந்து ஒருமுறையும் பார்க்கட்டும். வெளியே பாதி முட்டையாய் நிற்பது உள்ளே வட்டமாய்த் தெரியும். மூன்றையும் ஒரு தாளில் சேர்ப்பது எப்படி என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

சிவப்பு மையும் சித்திரக் கொப்பியும்

இது வெறும் பொழுதுபோக்கு விளையாட்டன்று என்பதற்கு ஒரு சம்பவம். கொட்டாஞ்சேனையில் ஆறு வயதுப் பாலகன் ஒருவன் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைத் தன் சித்திரக் கொப்பியில் வரைந்தான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த அக்கோயிலுக்கு அவன் பெற்றோருடன் வாராவாரம் செல்பவன். படத்தில் கோபுரம் நேரே நின்றது. இருபக்கத்து மதில்களும் இறக்கை விரித்தாற்போல இருபுறமும் சாய்ந்து கிடந்தன. மூடிய சுவருக்குள்ளே இலிங்கமும் தீபமும் ஐயரும் தெளிவாகத் தெரிந்தனர். “சுவருக்குள் இருப்பது வெளியே தெரியுமா?” என்று சிவப்பு மையால் எழுதி, குறுக்கே ஒரு கோடும் கீறிக் கொப்பி திரும்பி வந்தது. அதன் பின்னர் அப்பாலகன் வரைவதெல்லாம் இரண்டு மலை, நடுவே சூரியன், பக்கத்தில் ஒரு தென்னை. அதனைக் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுகின்றான்; புள்ளியும் கிடைக்கின்றது. கோயிலைப் பின்னர் அவன் வரையவேயில்லை என்று தாயார் எம்மிடம் கூறினார்.

கோயிலுக்குப் போகிறவன் மதிலைப் பார்க்கவா போகிறான்? உள்ளே இருப்பதே அவனுக்குக் கோயில். அதனை மறைத்துவிட்டு மதிலைமட்டும் வரையுமாறு கேட்பது அவன் அறிந்ததையெல்லாம் மறக்குமாறு கேட்பதாகும். ஆசிரியர் அவ்விடத்தில், “நீ எங்கே நின்று இதைப் பார்த்தாய்?” என்று கேட்டிருந்தால் போதும். “வெளியிலும் நின்றேன், உள்ளேயும் நின்றேன்” என்று பிள்ளை சொல்லியிருப்பான்.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், இலங்கைப் பாடசாலைகளில் இந்த அறிவு புதிதன்று என்பதே. 1920ஆம் ஆண்டளவில் சித்திரப் பாடப் பரிசோதகராக இங்கு வந்த வின்சர் என்பவர் ஐரோப்பாவின் புதிய ஓவிய நெறிகளை நன்கு அறிந்தவர், தாமும் ஓவியர். பிள்ளைகள் பார்த்து எழுதுவதை விடுத்துத் தம் மனத்திலுள்ளதைத் தாமே வரையவேண்டும் என்ற கொள்கையுடையவர். அவருக்குப் பின் அப்பதவியில் அமர்ந்த ஜெப்ரி பெலிங் கியூபிச நெறியை ஈழத்தில் முதன்முதலாகக் கையாண்டவர்களுள் ஒருவர். அவ்வாறாக, நவீன ஓவியத்தை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்களும், எம் பாட்டன்மாரின் சித்திரக் கொப்பிகளுக்குப் பொறுப்பாயிருந்தவர்களும் ஒரே மனிதர்கள். வடக்கிலும் அதன் எதிரொலி கேட்டது. சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றை நிறுவியபோது அதற்கு வின்சரின் பெயரையே சூட்டினார். அடுத்த தலைமுறையில் அ. மாற்கு (1933–2000) அவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்து நவீன ஓவியத்தைப் பல இளைஞர்களுக்குக் கற்பித்தார். வழி வெட்டப்பட்ட நாட்டிலேயே இத்தகைய சிவப்புக் கோடு விழுவது எப்படி என்பதைச் சித்திர ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிப் பேச வேண்டும்.

கொழும்பில் வளைந்த கோடு

பாரிசிலிருந்து கொழும்புக்கு வந்த கியூபிசம் இங்கே புதிய கோலம் கொண்டது. அதற்கு முதற்காரணர் ஜோர்ஜ் கீட் (1901–1993). கண்டியில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, அங்கே திரித்துவக் கல்லூரியில் படித்தவர். எந்தச் சித்திரக் கல்லூரியிலும் அவர் பயிலவில்லை. இருபத்தாறு வயதளவிலேயே தூரிகையைக் கையிலெடுத்தார். பிற்பட்டுத் தொடங்குவோர்க்கு இது ஆறுதல் தரும் செய்தி. பௌத்த நூல்களையும் இந்து சமயப் புராணங்களையும் ஆழ்ந்து கற்ற அவர், ஜயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதற்குச் சித்திரங்களும் வரைந்தார்.

கீட் தீட்டிய பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பக்கவாட்டு முகம் ஒன்று. அதனோடு ஒட்டியே நேர்முகம் ஒன்று. இரண்டுக்கும் மூக்கின் கோடு பொது. இது பிக்காசோவிடமிருந்து வந்தது. ஆனால் பாரிஸ் ஓவியரின் கோடுகள் கத்தியால் வெட்டினாற்போல நேராகவும் கூராகவும் இருக்க, கீட்டின் கோடு வளைந்து நெளிந்து கொடிபோல ஓடும். சிகிரியாச் சுவரோவியங்களையும் கோயிற் சிற்பங்களின் இடுப்பு வளைவுகளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூலைகள் ஒத்துவரவில்லை போலும். எமக்கோ இந்த வளைந்த கியூபிசமே அதிகம் பிடிக்கின்றது. சிலர் இதனைக் கியூபிசம் என்றே ஒப்பமாட்டார்கள். ஒப்பாவிட்டால் என்ன? பெயர் வைத்தவர் யார் என்பதைத்தான் முன்னமே பார்த்தோமே.

வங்காளத்தில் இதற்கு முன்னரே ஒருவர் இவ்வழியில் நடந்திருந்தார். தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ககனேந்திரநாதர் (1867–1938) 1920களின் தொடக்கத்தில் கியூபிசத்தின் துண்டு துண்டான தளங்களைக் கொண்டு மாடிப்படிகளும் மண்டபங்களும் மின்னுகின்ற கனவுலகங்களை வரைந்தார். அவருடைய படங்கள் 1922இல் கல்கத்தாவில் ஜெர்மானிய நவீன ஓவியர்களின் படங்களோடு ஒரே காட்சியில் இடம்பெற்றன.

கொழும்பில் கீட், பெலிங் முதலியோரை ஒன்றுசேர்த்த பெருமை லயனல் வென்ட் அவர்களுக்குரியது. பியானோ வாசிப்பார், புகைப்படம் பிடிப்பார், நண்பர்களுக்காகத் தம் இல்லத்தைத் திறந்து வைத்திருப்பார். கில்ட்போர்ட் கிறெசென்ட் வீதியிலிருந்த அவ்வில்லத்தில் 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆந் தேதி ஓவியர் சிலர் கூடி நிறுவியதே 43 குழு எனப்படுவது. ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், மஞ்சுஸ்ரீ தேரர், ரிச்சர்ட் கபிரியேல், ஓப்ரி கொலற் ஆகியோரும் அதில் இருந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே முதற் காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வென்ட் காலமானார்; குழு நிலைத்து நின்றது. 1952இல் லண்டனிலும் 1953இல் பாரிசிலும் இவர்களின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வென்ட் வாழ்ந்த இடத்தில் இப்போது அவர் பெயரால் அரங்கமும் ஓவியக்கூடமும் இருக்கின்றன. நாடகம் பார்க்க அங்கு செல்லும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் ஓவியக்கூடத்தின் பக்கம் திரும்பினர் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் வாசித்த பெற்றோர் சிலர், தம் பிள்ளையின் கிறுக்கலைச் சட்டம் போட்டு மாட்டி, “எங்கள் வீட்டுப் பிக்காசோ” என்று அயலவரை அழைத்துவிடக்கூடும். அதுவும் வேண்டியதில்லை. பிக்காசோவின் தந்தையார் சித்திர ஆசிரியர். மகன் பதினைந்து வயதில், 1897இல், நோயாளியின் கட்டிலருகே வைத்தியரும் கன்னியாஸ்திரியும் நிற்கும் பெரும்படம் ஒன்றை வரைந்தான். கண்டதைக் கண்டபடி வரையும் வித்தையில் அவனுக்கு மேலும் கற்க அதிகம் இருந்ததாகத் தோன்றாது. அவ்வளவும் கைவந்த பின்னரே, பத்து ஆண்டுகள் கழித்து, 1907இல் அதனை வேண்டுமென்றே உடைத்தான். ஐந்து வயதுக் கடைக்குட்டி பேணியின் வாயை வட்டமாய் வரைந்தது அவளுக்கு வேறு வழி தெரியாமையால். பிக்காசோ வரைந்தது எல்லா வழியும் தெரிந்தபின் ஒன்றைத் தெரிந்தெடுத்து. இரண்டும் ஒன்றல்ல. கடைக்குட்டியும் ஒன்பது வயதில் அண்ணனைப்போல் நிழல் வரையக் கற்கத்தான் வேண்டும், கற்பாள். அப்போது பழைய வழியும் அவளுக்கு நினைவிலிருந்தால் இரண்டில் எதனை எடுப்பது என்பது அவள் கையில் இருக்கும். கோயிலை வரைந்த பாலகனுக்கு அந்த ஒரு வழி ஆறு வயதிலேயே அடைக்கப்பட்டுவிட்டது.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர்க்கு இரண்டு இடங்களைக் கூறுவோம். பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் 1939ஆம், 1940ஆம் ஆண்டுகளில் கீட் புத்தர் பெருமானின் வரலாற்றைத் தீட்டியுள்ளார். அது வழிபாட்டிடம், பாதணிகளைக் கழற்றி, அமைதியாகச் சென்றுவர வேண்டும். அவ்வோவியங்களைக் கியூபிசம் என்று சொல்லுதல் பொருந்தாது. ஆனால் ஒரு பெரிய உருவத்தை எத்தனை குறைந்த கோடுகளால் சுற்றி வளைத்துவிடலாம் என்பதைப் பிள்ளைகள் அங்கே விரலால் காற்றில் வரைந்து பார்க்கலாம். மற்றையது கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேஸ் வீதியிலுள்ள சபுமல் மன்றம். 43 குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த பழைய ஓட்டுவீடு அது. 1974இல் அவர் நிறுவிய மன்றம் அக்குழுவினரின் ஓவியங்களை அறை அறையாக வைத்திருக்கிறது. பெரிய நூதனசாலையில் கால் வலிக்க நடப்பதுபோலன்றி, மாமா வீட்டுக்குப் போனதுபோல இருக்கும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பென்சிலும் சிறு கொப்பியும் இருக்கட்டும். படத்தின் முன் நின்றதும் பெயரையும் ஆண்டையும் வாசித்துக் காட்ட அவசரப்படாமல், இந்த ஓவியர் எந்த எந்த இடத்தில் நின்று பார்த்திருப்பார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த படத்துக்கு நகர வேண்டாம். அழிறப்பரையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.